கொட்டாஞ்சேனை மண்டபத்தில் புஷ்பத்தின் ஐந்து நிமிடம்

சனிக்கிழமை, காலை ஆறரை மணி. ஹட்டன் பஸ் நிலையத்தில் தூறல் விட்டபாடில்லை. கொழும்புக்குச் சாதாரண பஸ்ஸில் நானூற்று எண்பது ரூபா. ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கினிகத்தேனை, கித்துள்கல, அவிசாவளை என்று நூற்றிருபது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான பாதை. இறங்க இறங்கக் காது அடைக்கும், பிறகு குளிர்சட்டை கனக்கத் தொடங்கும். கித்துள்கலவில் பஸ் தேநீருக்கு நின்றபோது என்னுடையதைக் கழற்றிப் பையில் வைத்தேன். பைக்குள் என்னிடம் இருந்தவற்றிலேயே நல்ல சேலையும் இருந்தது, நீலப் பருத்தி.

நான் மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான்தான். பல்கலைக்கழகத்துக்குப் போனதும் நான்தான். இதை எங்கும் கூச்சமில்லாமல் சொல்வேன். தமிழிலிருந்து சிங்களத்துக்கும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் நின்ற இடத்திலேயே மொழிபெயர்க்க என்னால் முடியும். அதற்காகத்தான் கொழும்பில் என்னை அழைத்திருந்தார்கள். ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் கூட்டம். தமிழ், முஸ்லிம், சிங்கள, மலையகப் பெண்கள் ஒன்றுசேர்ந்து இனச் சமத்துவத்துக்காகவும் வீட்டு வேலை செய்யும் பெண்களின் உரிமைக்காகவும் நடத்துவது.

பகல் பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் கொழும்புப் புறக்கோட்டை பஸ் நிலையம். அங்கிருந்து காலி வீதி பஸ்ஸில் வெள்ளவத்தைக்கு மாறினேன். காலிமுகத்திடலைத் தாண்டும்போது வலப்பக்கத்தில் கடலை நிரப்பி எழுப்பிய புதிய நிலம் தெரிந்தது. அதற்கும் பின்னால் துறைமுகத்தின் கிரேன்கள், கழுத்தை நீட்டியபடி.

வத்சலா அன்ரியின் வீடு கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி. ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி அதிரும். அவருடைய மகள் என்னோடு படித்தவள். இப்போது மெல்பேர்னில் இருக்கிறாள். அன்ரி ஓய்வுபெற்ற ஆசிரியை. எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் அவர்களுடைய வீடு எரிந்தது. அவரையும் அவருடைய தாயாரையும் ஒளித்து வைத்துக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் ஒருவர். அதற்குப் பிறகு அன்ரி உட்காராத சமத்துவக் குழு கொழும்பில் இல்லை என்று சொல்வார்கள். நாளைய கூட்டத்தின் தலைவரும் அவர்தான்.

"வாரும் பிள்ளை, இரும். பஸ் கரைச்சல் குடுத்ததோ? புஷ்பம், பிள்ளைக்குத் தேத்தண்ணி கொண்டு வா."

எனக்குப் பூப்போட்ட பீங்கான் கோப்பையில் தேநீர் வந்தது. கொண்டு வந்தவர் புஷ்பம். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும்; மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவர்; பதினொரு வருடமாக இந்த வீட்டில் தங்கி வேலை செய்கிறார். என்னைப் பார்த்து, ஊர் ஆளைக் கண்டவர் போல, கண்ணால் மட்டும் சிரித்தார். தன்னுடைய தேநீரைக் கைபிடி உடைந்த ஒரு மக்கில் ஊற்றிக்கொண்டு குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், தாழ்வான பலகையில் உட்கார்ந்தார். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஆறு கதிரைகள் இருந்தன. இருவர் மட்டும் வாழும் வீடு.

அன்ரி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "உம்மைப் பாத்தா மலையகம் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது" என்றார்.

இது பாராட்டு. பல்கலைக்கழகத்திலும் பலமுறை கேட்டிருக்கிறேன். நன்றி சொல்லும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

பிறகு அவர் நாளைய ஏற்பாடுகளை விளக்கினார். அது கூட்ட ஏற்பாடு மாதிரி இல்லை, ராஜதந்திர ஏற்பாடு மாதிரி இருந்தது. இந்தியத் தரப்பிலிருந்து ஒரு பெண் அதிகாரியும் சீனத் தரப்பிலிருந்து ஒரு பெண் அதிகாரியும் விருந்தினர்கள். ஒருவரை அழைத்தால் மற்றவரை விடமுடியாது. விட்டால் அடுத்த மாதம் யாரிடமும் எந்த உதவியும் கேட்க முடியாது. மங்கல விளக்கை முதலில் யார் ஏற்றுவது என்று குழுவில் இரண்டு வாரம் விவாதம் நடந்திருக்கிறது. அகர வரிசைப்படி என்றார்களாம். தமிழிலும் சிங்களத்திலும் பார்த்தால் இந்தியா முன்னே வரும், ஆங்கிலத்தில் பார்த்தால் சீனா முன்னே வரும். கடைசியில் இரண்டு திரியை இருவரும் ஒரே நேரத்தில் ஏற்றுவது என்று முடிவாயிற்று.

"சாப்பாடுதான் அடுத்த பிரச்சினை" என்றார் அன்ரி. "ஹோட்டல் எண்டா எந்த ஹோட்டல், ஆர்ற காசு எண்டு கதை வரும். அதான் இஞ்ச வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வாறன். வீட்டுச் சாப்பாட்டில அரசியல் இல்லைத்தானே. புஷ்பத்தின்ர நண்டுக் கறியை ஒருக்காச் சாப்பிட்டா ரெண்டு நாடும் சமாதானமாப் போகும்."

நிகழ்ச்சி நிரலை மேசையில் கண்டேன். மொழிபெயர்ப்பாளர் என்பதற்காக முன்னரே என் தொலைபேசிக்கும் அனுப்பியிருந்தார்கள். ஏழாவது இடத்தில், 'மலையகப் பெண்கள் சார்பில், வீட்டுப் பணியாளர் புஷ்பம், ஐந்து நிமிடம்' என்றிருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன்.

"ஓம், அது முந்திப் போட்டது. இப்ப அவள் வந்தா ஆர் சமைக்கிறது? அவள் சொல்லட்டும், நீர் எழுதி வாசியும். நீரும் மலையகம்தானே. வடிவாக் கதைப்பீர். எல்லாருக்கும் நல்லது."

அரை மணி நேரத்துக்கு முன்னால் யாரும் சொல்லேலாத மலையகம், இப்போது மேடைக்கு வசதியான மலையகமாகிவிட்டது. புஷ்பம் என் கோப்பையை எடுக்க வந்து அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"யோசிச்சுச் சொல்றேன் அன்ரி" என்றேன்.

மாலையில் அன்ரி தொலைபேசியில் இருந்தார். நான் குசினிக்குப் போனேன். புஷ்பம் மல்லியும் மிளகாயும் வறுத்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக் கறித்தூள், அன்ரியின் தாயார் சொல்லிக்கொடுத்த கணக்கு, கடையில் வாங்கினால் அன்ரிக்குப் பிடிக்காதாம்.

"நாளைக்கு என்ன பேசுறதா இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"எழுதிக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க டீச்சர். எல்லாம் வாயிலதான் இருக்கு. நாலு மாசமா பாத்திரம் கழுவுறப்போ சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டிருக்கேன்." அகப்பையால் சட்டியைக் கிளறினார். "நீங்க படிச்சவங்க. நல்லாவே பேசுவீங்க. ஆனா அது உங்க பேச்சா போயிரும்."

"லீவு கேட்டீங்களா?"

"கேட்டேனே. பொங்கலுக்கு ஊருக்கு அனுப்புறேன், அப்ப எடுத்துக்கன்னு சொன்னாங்க. நல்லவங்கதான் டீச்சர். எனக்குக் காய்ச்சல் வந்தப்போ அவங்கதான் ராத்திரி முழுக்கப் பக்கத்துல இருந்தாங்க. ஆனா ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருக்குறது அவங்களுக்கு ஞாபகமே வராது."

ஞாயிறு காலை ஏழரைக்கு அன்ரி காஞ்சிப் பட்டுடுத்தி, விருந்தினரின் இருக்கைகளைப் பார்வையிட வாடகைக் காரில் புறப்பட்டார். என்னை எட்டரைக்கு பஸ்ஸில் வரச் சொன்னார். அவர் போய்ச் சிறிது நேரத்தில் நண்டுக்காரர் வந்தார். கிலோ இரண்டாயிரத்து இருநூறு. கால்களை நூலால் கட்டியிருந்த நண்டுகள். புஷ்பம் அவற்றைக் கொஞ்சம் உப்புத் தண்ணீரோடு மூடியுள்ள பெரிய பிளாஸ்ரிக் வாளிக்குள் போட்டார். கறித்தூள், புளி, முருங்கை இலை, கத்தரிக்காய், நேற்றே துருவி வைத்த தேங்காய் எல்லாம் இரண்டு பைகளுக்குள் போயின. பிறகு கதவுக்குப் பின்னால் தொங்கிய மெரூன் சேலையை எடுத்தார்.

"எங்க போறீங்க?"

"உங்களோடதான். அம்மா சமைக்கணும்னு சொன்னாங்க. எங்க வச்சுச் சமைக்கணும்னு சொல்லலையே." சேலையை மடித்துச் செருகியபடி தொடர்ந்தார். "ஸ்டெல்லா அக்காகிட்ட நேத்தே கேட்டுட்டேன். மண்டபத்துக் குசினி திறந்துதான் இருக்காம். அந்தோனியார் கோயில் திருநாளுக்கு ஐந்நூறு பேருக்குச் சமைக்கிற அடுப்பு. கறி எங்க இருக்கோ அங்கதான் விருந்து."

ஸ்டெல்லா, புஷ்பமும் சேர்ந்திருந்த வீட்டுப் பணியாளர் சங்கத்தின் கொட்டாஞ்சேனைச் செயலாளர். மொழிபெயர்க்க வரும்படி தொலைபேசியில் என்னை அழைத்தவர்.

"டீச்சர், நீங்க அந்த ஐந்து நிமிசத்தை எடுத்துக்கப் போறீங்களா?" புஷ்பம் நேராகவே கேட்டார்.

"இல்ல. அது உங்களுது."

"அப்போ வாளியைப் பிடிங்க."

இப்படித்தான் ஒரு பட்டதாரி ஆசிரியை தன் ஒரே நல்ல சேலையில், உயிருள்ள நண்டு வாளியோடு, கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினாள். எங்கள் பக்கத்தில் நண்டு கிடையாது. ரின்னில் அடைத்து வரும் மீனும் கருவாடும்தான். வாளிக்குள் சரசரவென்று சத்தம் கேட்கும்போதெல்லாம் என் முழங்கால் தானாக விலகியது. கண்டக்டர் மூடியைத் தட்டி, "மே மொனவத, நங்கி?" என்றார். இது என்ன தங்கச்சி என்று அர்த்தம். நண்டு என்று சிங்களத்தில் சொன்னேன். நண்டுக்கும் ரிக்கெட் எடுக்க வேண்டும் என்றார். புஷ்பம் உடனே, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், நண்டுகள் உட்காரவில்லை, நின்றுகொண்டுதான் வருகின்றன என்றார். பின் இருக்கைவரை சிரிப்பு. கண்டக்டர் இரண்டு ரிக்கெட்டோடு விட்டுவிட்டார். வளைவு ஒன்றில் மூடி விலகி, என் சேலைக் கொசுவத்தில் வாளித் தண்ணீர் கொட்டியது.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் பத்துக் கிலோமீற்றர்தான் இருக்கும். ஆனால் ஊரே மாறிவிடுகிறது. நகைக்கடைகளும் புடவைக்கடைகளும் போய், ஒரே தெருவில் அந்தோனியார் சொரூபம், கோயில் கோபுரம், பள்ளிவாசல், மீன்வலை விற்கும் கடை. பஸ் நிறுத்தத்தில் இறங்கி ஓட்டோ பிடித்தோம், நூற்றைம்பது ரூபா. சாரதி கிராண்ட்பாஸைச் சேர்ந்த முஸ்லிம். ஒரு சந்து திரும்பியதும் வீடுகளுக்கு மேலே துறைமுகக் கிரேன்கள் மிக அருகில் தெரிந்தன.

"அது யாருடையது நானா?" என்று கேட்டேன். கொழும்பில் வயதில் மூத்த முஸ்லிம் ஆண்களை அப்படித்தான் அழைப்பார்கள்.

"இந்தப் பக்கம் ஈக்கிறது இந்தியாக்காரன்ட, தங்கச்சி. அங்கால ஈக்கிறது சீனாக்காரன்ட. நடுவுல ஈக்கிறது நாங்க. மழை பெஞ்சா முழங்கால் மட்டும் தண்ணி. அதுக்கு மட்டும் ரெண்டு பேரும் வாரதில்ல." கண்ணாடியில் வாளியைப் பார்த்தார். "நண்டா? யாருக்கு விருந்து?"

"அவங்க ரெண்டு பேருக்கும்தான்" என்றார் புஷ்பம்.

மண்டபத்தின் பின்வாசலில் ஸ்டெல்லா காத்திருந்தார். ஐம்பது வயது, உயரமானவர், கழுத்தில் சிலுவை, கையில் கத்தி. அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். முகத்துவாரத்திலிருந்து வந்த மீனவக் குடும்பத்துச் சிங்களப் பெண் குசுமா, வாளியை என் கையிலிருந்து வாங்கி நண்டுகளைத் தொட்டிக்குள் கொட்டினார். நான் இரண்டடி பின்னால் போனதைப் பார்த்து, "டீச்சர் பயயி!" என்று சிரித்தார்; டீச்சருக்குப் பயம் என்று அர்த்தம்.

"நீங்க மேடைக்குப் போங்க" என்றார் ஸ்டெல்லா. "புஷ்பம் தூளும் புளியும் கூட்டிக் குடுத்தாப் போதும், மிச்சத்தை நாங்க பாக்குறோம். திருநாளுக்கு ஆம்பிளையளுக்கு ஆக்கிப் போட்டே பழகின கை. இண்டைக்கு எங்களுக்கும் ஆக்குவம்."

பத்து மணிக்குக் கூட்டம் தொடங்கியது. இருநூறு பெண்கள் இருக்கலாம். மேலே சுழன்ற மின்விசிறிகளில் ஒரு நாட்டின் அன்பளிப்பு ஸ்டிக்கர். கதிரைகளின் முதுகில் மற்ற நாட்டின் அன்பளிப்பு ஸ்டிக்கர். விளக்கு ஒரே நேரத்தில் ஏற்றப்பட்டது. ஒருவர் கைத்தறிச் சேலை, மற்றவர் சாம்பல் நிறக் கோட். இருவரும் மரியாதையானவர்கள், இருவரும் பெண்களின் முன்னேற்றம் பற்றி அளவாகப் பேசினார்கள். இரண்டு உரைகளையும் யாராவது மாற்றிக் கொடுத்திருந்தால் வித்தியாசம் தெரிந்திருக்காது. நான் மொழிபெயர்த்தேன், அதனால் நிச்சயமாகச் சொல்லமுடியும்.

பதினொன்றரை அளவில் அன்ரி தலைமையுரைக்கு எழுந்தார். நன்றாகப் பேசினார். எரிந்த வீட்டைப் பற்றியும், சுவர் ஏறிக் குதித்து வந்து கூட்டிப்போன பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பற்றியும் சொன்னபோது முன்வரிசையில் சிங்களப் பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். "சமத்துவம் எண்டது எங்கட வீட்டு வாசலில தொடங்க வேணும்" என்றார்.

அந்த நேரத்தில்தான் பின்பக்கத்திலிருந்து நண்டுக் கறியின் வாசனை வந்தது. வறுத்த மல்லி, மிளகாய், கடைசியில் கிள்ளிப் போட்ட முருங்கை இலை. மண்டபத்தில் தலைகள் திரும்பின. மற்றவர்களுக்கு அது வெறும் கறி வாசனை. அன்ரிக்கு அது தன் தாயாரின் கறித்தூள். அவர் வாக்கியத்தை நடுவில் நிறுத்தினார். பின்கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் சேலைக் கொசுவத்தில் உப்புக் கறையைப் பார்த்தார். தண்ணீர் குடித்துவிட்டு உரையை முடித்தார்.

ஏழாவது இடம் வந்தது. நிகழ்ச்சி நிரல் அன்ரியின் கையில் இருந்தது.

"அடுத்ததாக, மலையகப் பெண்கள் சார்பில்..." என்று தொடங்கி நின்றார். என் பெயரைச் சொல்லப் போகிறாரா, புஷ்பத்தின் பெயரைச் சொல்லப் போகிறாரா என்று தெரியவில்லை. அவருக்கே தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். மண்டபம் காத்திருந்தது. வாக்கியத்தைச் சிங்களத்தில் சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். சொல்லி, அவர் சொல்லாத ஒரு சொல்லையும் சேர்த்தேன்: புஷ்பம்.

சிங்களப் பெண்கள்தான் முதலில் கைதட்டினார்கள். அவர்களுக்குத்தான் பெயர் முதலில் கிடைத்தது. பிறகு எல்லோரும். அன்ரி ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

புஷ்பம் பின்கதவால் வந்தார். கைகளில் மஞ்சளும் புளியும் இருந்ததால் மைக்கை ஸ்டெல்லா பிடித்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் வணக்கம்ங்க. நான் பதினோரு வருசமா ஒரே வீட்டுல வேலை செய்றேன். அடிச்சதில்ல, சம்பளம் பிடிச்சதில்ல. நல்ல வீடு. அதனாலதான் இதைச் சொல்றேன். கெட்ட வீட்டைப் பத்திப் பேச நிறையப் பேர் இருக்காங்க." மூச்சு வாங்கினார். "தோட்டத்துல எங்க லயத்து வீடுகளுக்கு ஒரு நாடு கூரை குடுத்திச்சு. இன்னொரு நாடு அரிசி மூட்டை குடுத்திச்சு. ரெண்டுக்கும் நன்றிங்க. ரெண்டு தடவையும் பொம்பளைங்களை வரிசையா நிக்க வச்சுப் படம் எடுத்தாங்க. என்ன வேணும்னு ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எனக்கு ஞாயித்துக்கிழமை வேணும். இன்னைக்குப் பேச வரணும்னு லீவு கேட்டேன், கிடைக்கல. அதனால வேலையையும் கூட்டிக்கிட்டு வந்துட்டேன். பின்னால அடுப்புல இருக்கு."

நான் மொழிபெயர்த்து முடிக்கும் முன்பே சிரிப்பு எழுந்தது. பிறகு சிரிப்பு அடங்கியது. ஏனென்றால் புஷ்பம் சிரிக்கவில்லை.

"எங்கம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தாங்க. அதை நிறுக்குறது ஆம்பிளை. நான் சமைக்கிறேன். சாப்பிடுற மேசையில எனக்குக் கதிரை இல்ல. தமிழாளு வீடுதான். சிங்களவங்க நம்மளைச் சமமா நடத்தணும்னு அங்க உக்காந்துதான் பேசுறாங்க. நான் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துக்கிட்டே கேட்டிருக்கேன். நல்லாத்தான் பேசுறாங்க. அவ்வளவுதாங்க. கறி அடிப்பிடிச்சிரும்."

ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. அன்ரியின் முகத்தை நான் பார்க்கவில்லை. கடைசி வாக்கியங்களைச் சிங்களத்துக்கு மாற்றுவதில் கவனமாக இருந்தேன். ஒன்றையும் மென்மையாக்கவில்லை.

விருந்து வெள்ளவத்தைக்குப் போகவில்லை. கறி இருந்த இடத்திலேயே நடந்தது. சங்கத்துப் பெண்கள் கொண்டுவந்த அரிசியில் எல்லோருக்கும் சோறும் பருப்பும் கத்தரிக்காயும்; நண்டு இருந்தவரைக்கும் ஆளுக்கொரு சிறு துண்டுதான் வந்தது. கோட் அணிந்த விருந்தினர் நண்டுக் காலைப் பல்லால் உடைத்த விதத்தைப் பார்த்துக் குசுமா கைதட்டினார். கைத்தறிச் சேலை விருந்தினர் கத்தரிக்காயை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். வேறு கதிரை காலியாக இல்லை. புஷ்பம் நடு வரிசையில் ஒரு ஸ்டிக்கர் கதிரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்ரி தன் தட்டோடு சிறிது நேரம் நின்றார். பிறகு அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தார். "உப்பு போதுமாம்மா?" என்று புஷ்பம் கேட்டதும், "காணும்" என்று அன்ரி சொன்னதும் மட்டும் எனக்குக் கேட்டது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் புறப்படத் தயாரானேன். பாடசாலைக்கு ஒருநாள் விடுப்பு எடுத்திருந்தேன். அன்ரி தேநீரோடு மேசையில் இருந்தார். நேற்று மாலை முழுவதும் என்னோடு பத்துச் சொல்லுக்கு மேல் பேசவில்லை.

"நான் ஒண்டு சொல்ல, நீர் ஒண்டு மொழிபெயர்த்தீர்" என்றார்.

"ஓம் அன்ரி" என்றேன். என் வாயில் அவருடைய 'ஓம்' வந்துவிட்டது.

அவர் குசினிப் பக்கம் திரும்பினார். "புஷ்பம், உங்கட சங்கத்துக் கூட்டம் எப்ப?"

"மாசத்துல ரெண்டாவது ஞாயிறும்மா."

"மற்ற ஞாயிறுகளில?"

பாத்திரச் சத்தம் நின்றது. "மத்த ஞாயிறும் இருக்குதானேம்மா."

அன்ரி கோப்பையைச் சுற்றிப் பார்த்தார். "சரி. ஞாயிறுகளில இடியப்பம் கடையில எடுப்பம்."

"சொதி மட்டும் வச்சிட்டுப் போறேம்மா."

"வேண்டாம். சொதியும் கடையில விக்குது."

மேசையின் கதிரைகளைப் பற்றி ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. நான் விடைபெறும்போது புஷ்பம் தன் மக்கோடு அந்தப் பலகையில்தான் உட்கார்ந்திருந்தார்.

மீண்டும் புறக்கோட்டை, மீண்டும் நானூற்று எண்பது ரூபா. அவிசாவளைக்குப் பிறகு பாதை ஏறத் தொடங்கியது. கினிகத்தேனை தாண்டியதும் மலைச் சரிவுகளில் புதிய வீட்டுத் தொகுதிகள் தெரிந்தன; ஒவ்வொன்றின் முன்னாலும் கொடுத்த நாட்டின் பெயர்ப்பலகை. நன்றாகத் தெரியும் எழுத்தில் எழுதியிருந்தார்கள். புஷ்பத்தின் ஞாயிற்றுக்கிழமைக்கு அப்படி ஒரு பலகை யாரும் வைக்கப் போவதில்லை.

மாலையில் வீடு வந்து சேர்ந்தேன். அம்மா பறித்த கொழுந்தை நிறுக்கக் கொடுத்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூடக் கழற்றாமல், அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தார். என் பையைத் திறந்தவுடன் மூக்கைச் சுருக்கினார்.

"என்னடி இது? கொழும்புக்குப் பேசப் போனியா, மீன் விக்கப் போனியா?"

"நண்டும்மா."

நீலச் சேலையை எடுத்து முகர்ந்து பார்த்தார். "நல்ல சேலையை இப்படியா பண்ணுவ? சரி வை. ஞாயித்துக்கிழமை மத்த உருப்படியோட சேர்த்துத் துவைச்சுத் தாரேன்."

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு உருப்படிகளை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான் அம்மா துவைக்கிறார். நான் அம்மாவின் கையிலிருந்து சேலையைத் திரும்ப வாங்கினேன். மூலையில் அழுக்குத் துணி மூட்டை இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே தண்ணீர் விழும் பீலிக்கு நடந்தேன்.